தெரிந்த முகம்தான், ஆனாலும் திறக்கவில்லை

முகத்தைக் காட்டியும் போன் திறக்காவிட்டால் பெரும்பாலோர் அதை இன்னும் கிட்டே கொண்டுபோய், கண்ணை அகல விரித்து, மறுபடி மறுபடி காட்டிப் பார்க்கிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் பதிந்துவைத்த முகத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிகிறார்கள். அப்புறம் அப்டேட், கடைசியில் 'சாஃப்ட்வேர் போட' கடை. பூட்டு திறக்கவில்லை என்றால் பூட்டு கெட்டுவிட்டது என்ற நினைப்பு இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டு என்றால் அப்படி நினைப்பதில் தப்பில்லை. முகம் பார்க்கும் பூட்டுக்கு மறுப்பதும் ஒரு வேலை. அது மறுக்கிற நேரங்களில் பெரும்பகுதி தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. எந்தக் காரணத்துக்காக மறுக்கிறது என்று தெரியாமல் கைவைத்தால், பழுது இல்லாத இடத்தைப் பழுதுபார்த்து, நன்றாக இருந்த பூட்டைத் தளர்த்திவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

சாவி ஒன்று பொருந்தும், இல்லை பொருந்தாது. முகம் அப்படியில்லை. தூங்கி எழுந்த முகமும் குளித்துவிட்டு வந்த முகமும் ஒன்றல்ல. ஒரு வாரத் தாடியும், பல் வலியில் வீங்கிய கன்னமும், பக்கவாட்டில் விழும் டியூப்லைட் வெளிச்சமும் அதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அதனால் போன் 'இவர்தானா' என்று கேட்பதில்லை, 'பதிந்த முகத்துக்கு இது எவ்வளவு நெருக்கம்' என்று கணக்குப் போடுகிறது. அந்த நெருக்கம் ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டினால் கதவு திறக்கும். கோட்டை உயர்த்தினால் சொந்தக்காரரே சில நேரம் வெளியே நிற்பார். தாழ்த்தினால் அடுத்தவர் உள்ளே வருவார். இரண்டு தவறுகளையும் ஒரே சமயத்தில் பூஜ்யமாக்கும் வழி யாரிடமும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் ஐபோனைத் தன் முகத்தால் திறக்க 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்கிறது ஆப்பிள். அதே நிறுவனத்தின் விரல்ரேகைப் பூட்டுக்கு அந்தக் கணக்கு 50,000-த்தில் ஒன்று. கோட்டை அவ்வளவு மேலே வைத்தால் உரியவரும் அவ்வப்போது காத்திருக்க நேரும். இரட்டையருக்கும், அச்சாக ஒத்திருக்கும் உடன்பிறப்புகளுக்கும், 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அந்த 10 லட்சக் கணக்கு செல்லாது என்று ஆப்பிளே சொல்லிவிடுகிறது.

மறுப்புகளிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, முகத்தைப் பார்க்காமலேயே போன் மறுப்பது. நேரே பாஸ்கோடு எண்ணைக் கேட்கும். முகம் பார்க்க முயன்ற அறிகுறிகூடத் திரையில் இராது. ஐபோனின் முகத்திறப்புக்கு ஃபேஸ் ஐடி என்று பெயர்; பலர் இதைத்தான் 'ஃபேஸ் ஐடி போய்விட்டது' என்கிறார்கள். போனை அணைத்துப் போட்டால், 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தால், ஐந்து முறை முகம் பொருந்தாமல் போனால் ஐபோன் எண்ணைக் கேட்டே தீரும். ஆறரை நாளாக எண்ணையே அடிக்காமல், கடைசி 4 மணி நேரத்தில் முகத்தாலும் திறக்காமல் இருந்தாலும் கேட்கும். காலையில் எழுந்ததும் திடீரென்று எண் கேட்பதற்குப் பல நேரம் இந்தக் கடைசி விதிதான் காரணம். பக்கவாட்டுப் பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்துச் சிறிது நேரம் அழுத்தினாலும் முகத்திறப்பு அந்த வேளைக்கு முடங்கிவிடும். இறுக்கமான பாக்கெட்டிலும் குழந்தையின் கையிலும் இது தானாக நடப்பதுண்டு. ஆண்ட்ராய்டிலும் இதே போல விதிகள் உண்டு: முகத்திறப்பு உறுதியான வகையாக இருந்தால் 72 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எண்ணோ பேட்டர்னோ போட வேண்டும், பலவீனமான வகையாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை, 4 மணி நேரம் சும்மா கிடந்தாலும் மறுபடி. இங்கே சரிசெய்ய எதுவுமே இல்லை. எண்ணைப் போட்டால் முடிந்தது.

'என் போன், என் முகம், அப்புறம் எதற்கு எண்?' என்ற எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் முகம் ரகசியம் இல்லையே. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற பொருள் அது; தூக்கத்திலும் கூடவே இருப்பது; வற்புறுத்தி ஒருவரைத் திரைக்கு நேரே திருப்பவும் முடியும். போனுக்குள் உள்ள தகவல்கள் மறையாக்கம் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. அதைத் திறக்கும் சாவி உருவாக எண் தேவைப்படுகிறது. போன் அணைந்து எழுந்தவுடன் அந்தச் சாவி இன்னும் உருவாகியிருக்காது. அப்போது முகத்தை எத்தனை முறை காட்டினாலும் கதவுக்குப் பின்னால் எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாத நிலைதான். வீட்டில் வேலைக்காரர் இருந்தாலும் பீரோச் சாவி பாட்டியின் இடுப்பில் இருக்கும் ஏற்பாடு போன்றது இது. (எப்போதாவது கேட்காவிட்டால் அந்த எண் நமக்கே மறந்துபோகும் என்பது வேறு விஷயம்.)

அடுத்தது, போன் பார்க்க முயன்றும் பார்க்க முடியாமல் போவது. இங்கே போனின் சாதி தெரிய வேண்டும். 2017-இல் வந்த ஐபோன் 10, முகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி, அவை எங்கே மேடு எங்கே பள்ளம் என்று படிந்திருக்கின்றன என்பதை அகச்சிவப்புக் கேமராவால் படித்தது. அதற்குப் பின் வந்த ஃபேஸ் ஐடி போன்கள் எல்லாம் இந்த வழிதான். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் சாதாரண செல்ஃபி கேமராவால் ஒரு படம் எடுத்து ஒப்பிடுகின்றன. 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0 கொண்டுவந்த வழி இது. முதல் வகைக்கு இருட்டு ஒரு பொருட்டல்ல. இரண்டாம் வகைக்கு வெளிச்சம்தான் எல்லாம்: முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துப்போகும், மங்கலான படிக்கட்டில் படமே புள்ளிபுள்ளியாகிவிடும். அந்தப் போன்களில் வெளிச்சத்தை நோக்கித் திரும்பி நிற்பதும், இரவில் திரையின் பிரகாசத்தைக் கூட்டி அந்த ஒளியையே முகத்தில் விழவைப்பதும் எந்த அப்டேட்டையும்விடப் பயன் தரும். முதல் வகையிலோ, திரையின் மேல்விளிம்பில் உள்ள அந்தச் சிறு பட்டையைத்தான் கவனிக்க வேண்டும். ஓரம் தள்ளி ஒட்டிய டெம்பர்டு கிளாஸ், அதற்கடியில் புகுந்த தூசி, காதோரத்து எண்ணெய்ப் பிசுக்கு, அகச்சிவப்பைத் தடுக்கும் கூலிங் கிளாஸ் ஆகியவை அதன் கண்ணைக் கட்டிவிடும். போனைக் கிட்டே கொண்டுபோவதும் தப்பு. முகத்துக்கும் போனுக்கும் 25 முதல் 50 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். படுத்தபடி போனைக் குறுக்காகப் பிடித்துக் காட்டினால் ஐஓஎஸ் 16 வந்த பிறகும் ஐபோன் 13-க்கு முந்தைய மாடல்கள் ஏற்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு கடுமையான ஆட்சேபம் உண்டு. கறுத்த முகங்களை இந்தக் கருவிகள் சரியாகப் பார்ப்பதில்லை, பிழை பயனாளரிடம் இல்லை, செய்தவரிடம்தான் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. மலிவான செல்ஃபி கேமரா மங்கிய வெளிச்சத்தில் கறுத்த தோலின் நுணுக்கங்களைக் குறைவாகவே பிடிக்கும். அதற்கான பொறுப்பைப் பயனாளர் மேல் போட முடியாது. ஆனால் கிடைத்திருக்கிற பெரிய ஆதாரம் வேறொரு பக்கமும் கை காட்டுகிறது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2019-இல் 189 முகமறிதல் நிரல்களைச் சோதித்தது. அவை போன் பூட்டுகள் அல்ல, பொதுவான நிரல்கள். பலவற்றில், இருவேறு ஆட்களை ஒரே ஆள் என்று தவறாகப் பொருத்தும் விகிதம் ஆப்பிரிக்க, ஆசிய முகங்களுக்கு வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை கூடியிருந்தது. உரியவரை மறுக்கும் தவறில் வேறுபாடு அவ்வளவு பெரிதாக இல்லை. அதாவது பாரபட்சம் சேதம் செய்யும் இடம் 'என்னை விடமாட்டேன் என்கிறது' என்பதைவிட 'என்னைப் போன்ற இன்னொருவரையும் விட்டுவிடுகிறது' என்பதில்தான் அதிகம். அந்த நிலையில் கோட்டைத் தாழ்த்தச் சொல்வது நமக்கே பாதகம்.

நன்றாகப் பார்த்தபின்பும் 'இவர் அவர் இல்லை' என்று போன் முடிவு செய்தால், பரிகாரம் பெரும்பாலும் ஒரே ஒரு செயலில் இருக்கிறது. பலரும் அதைச் செய்வதில்லை. ஃபேஸ் ஐடி மயிரிழையில் தவறவிட்டு, உடனே நீங்கள் எண்ணைப் போட்டுத் திறந்தால், அந்த முகத்தை அது மறுபடி படித்துத் தன் பதிவோடு சேர்த்துக்கொள்கிறது. எண்ணைப் போடுவதுதான் அதற்குப் பாடம். எண்ணைத் தவிர்த்துத் திரும்பத் திரும்ப முகத்தைக் காட்டுவதில் அது எதையும் கற்பதில்லை. பழனியில் மொட்டை போட்டு, தாடி மீசையும் எடுத்துவிட்டு வந்தவர் ஒரு முறை எண்ணைப் போட்டால் பெரும்பாலும் போதும். அதைவிட்டுப் பதிவை அழித்துப் புதிதாகப் பதிவது, மாதக்கணக்கில் சேர்ந்த பழக்கத்தைத் தூக்கி எறிவது. முகமே வெகுவாக மாறிப்போன அறுவை சிகிச்சை போன்ற நேரங்களிலும், முதலில் அவசரத்தில் அரைகுறை வெளிச்சத்தில் பதிந்திருந்தாலும்தான் அதற்குத் தேவை வரும். வேலை நேரத்தில் ஒரு தோற்றம், வீட்டில் ஒரு தோற்றம் என்று இருப்பவர்களுக்கு 2018-இல் வந்த ஐஓஎஸ் 12 முதல் இரண்டாவது தோற்றத்தைப் பதியும் வசதி இருக்கிறது. முகக்கவசத்தோடு திறக்க 2022-இன் ஐஓஎஸ் 15.4-உம் ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தைய மாடலும் வேண்டும். கண்ணாடி போடுகிறவர் அதைப் போட்டபடி தனியாக ஒரு முறை பதிய வேண்டும்.

இந்தக் கற்கும் குணத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் எண் தெரியும், அம்மாவின் சாயலில் மகன் இருக்கிறான், அவன் முகத்தைக் காட்டித் தவறியதும் எண்ணைப் போட்டுத் திறக்கிறான் என்று வையுங்கள். அவன் முகம் அந்த எல்லைக்கோட்டுக்கு அருகில் வருமானால், போன் அவனையும் கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவின் முகத்தோடு சேர்த்துக்கொள்ள வழியிருக்கிறது. எனவே எண்ணைக் குடும்பச் சொத்தாக்கியிருப்பவர்கள் பூட்டைக் குறை சொல்வதில் பொருளில்லை. 'கவனம் தேவை' என்ற செட்டிங்கும் இதே ரகம். கண் திறந்து திரையைப் பார்த்தால்தான் திறக்கும் என்ற அந்த விதி, படுக்கையில் பாதிக் கண் மூடியிருக்கும்போது தொல்லைதான். அதை அணைத்தால் தொல்லை தீரும். தூங்குகிற முகத்தால் போனைத் திறக்கும் வாய்ப்பும் பிறக்கும். (பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகவும் அந்த விருப்பம் வைக்கப்பட்டிருக்கிறது, அவர்கள் அணைப்பது நியாயம்.) கூகுளின் பிக்சல் 4, 2019-இல் வந்தபோது மூடிய கண்ணுக்கும் திறந்தது. கண்டனம் எழுந்த பிறகு, அடுத்த ஆண்டு ஒரு அப்டேட்டில் அதற்கு விதி சேர்த்தார்கள்.

'பத்தாயிரம் ரூபாய் போன் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கிறதே, லட்ச ரூபாய் போனுக்கு என்ன கேடு?' என்று கேட்பவர்கள் உண்டு. எதற்கெல்லாம் அது திறக்கிறது என்பதைப் பார்த்தால் அந்த வேகம் அவ்வளவு இனிக்காது. நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பான கான்சுமென்டன்பாண்ட் 110 போன்களைச் சோதித்து 2019 தொடக்கத்தில் வெளியிட்ட முடிவில், 42 போன்கள் சொந்தக்காரரின் புகைப்படத்துக்கே திறந்தன. கூகுளும் இதை அறிந்துதான் ஆண்ட்ராய்டுக்குள் மூன்று வகுப்பு வைத்திருக்கிறது. ஏமாற்று முயற்சிகளில் 7 சதவீதத்துக்குள் ஏமாறுவது வகுப்பு 3, 20 சதவீதம் வரை ஏமாறுவது வகுப்பு 2, அதற்கும் மேல் வகுப்பு 1. வகுப்பு 1 முகத்திறப்பு போனின் முன்கதவை மட்டுமே திறக்கும். வங்கி ஆப் போன்றவை கேட்டாலும் அமைப்பு அதைக் கொடுக்காது. 'போன் முகத்துக்குத் திறக்கிறது, பேங்க் ஆப் மட்டும் திறக்கவில்லை' என்ற புகாரின் விடை பெரும்பாலும் இதுதான். செட்டிங்ஸில் எவ்வளவு தேடினாலும் அதற்கு ஒரு பட்டன் கிடைக்காது.

உண்மையான பழுதும் உண்டு. அதன் அடையாளங்கள் வேறு. கீழே விழுந்த, தண்ணீரில் நனைந்த, டிஸ்ப்ளே மாற்றிய நாளிலிருந்து ஒரு முறைகூடத் திறக்கவில்லை என்றாலோ, ஃபேஸ் ஐடி இல்லை என்று திரையே சொன்னாலோ அது உறுப்புக் கோளாறு. கேமரா வகைப் போனில் செல்ஃபி எடுத்துப் பாருங்கள். படம் புகைமூட்டமாக வந்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். அகச்சிவப்பு உறுப்புகள் அந்தந்தப் போனோடு பிணைக்கப்பட்டவை. இன்னொரு போனிலிருந்து கழற்றிப் பொருத்தினால் பெரும்பாலும் வேலை செய்யாது. பொய்யான கேமரா ஒன்றை மாட்டிப் பூட்டை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆகவே சல்லிசான டிஸ்ப்ளே மாற்றத்துக்குப் போனைக் கொடுக்கும்போதே, மேல்பட்டை உறுப்புகளை அப்படியே எடுத்துப் பொருத்துவார்களா, முகத்திறப்பு வேலை செய்வதைக் காட்டித்தான் போனைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. அப்டேட்டுக்குப் பின் கிளம்பிய கோளாறாக இருந்தால் ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். அணைத்துப் போட்டதும் எண் கேட்கும், அது கோளாறு இல்லை.

சிக்கல் எதுவும் இல்லாதவர்களும் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. உங்கள் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படத்தை வேறொரு போனின் திரையில் பெரிதாக வைத்து, அதை உங்கள் போனுக்குக் காட்டுங்கள். திறந்துவிட்டால், அன்றே முகத்திறப்பை அணைத்துவிட்டு விரல்ரேகைக்கு மாறிவிடுங்கள்.