நந்தனார் பாடமும் மூன்று வாயில்களும்

இலங்கைப் பாடசாலைகளிற் சைவசமயம் பயிலும் மாணவர்களுள் திருநாளைப்போவார் நாயனாரை அறியாதவர் இலர் எனலாம். அறுபத்துமூவருள் ஒருவராகிய அவரை மக்கள் நந்தனார் என்ற பெயராலேயே நன்கறிவர். ஆதனூரிற் பிறந்தார், திருப்புன்கூரில் நந்தி விலகச் சிவலிங்கத்தைத் தரிசித்தார், தில்லையிலே தீயில் மூழ்கி முனிவராய் எழுந்து கூத்தப்பிரான் திருவடியை அடைந்தார். இம்மூன்று செய்திகளையும் பிழையின்றி எழுதிய மாணவனுக்குப் பரீட்சையிற் புள்ளி குறையாது. ஆயினும், வகுப்பிலே துணிவுள்ள ஒருவன் எழுந்து, “இறைவனே வா என்று அழைத்த பின்பு, அவர் எதற்காகத் தீயிற் புகவேண்டும்?” என்று வினவுவானாயின், ஆசிரியர் சற்றுத் தயங்கவே செய்வார்.

தயங்குவதற்குக் காரணம் உண்டு. கோயில் வாயிலுக்கு உள்ளே நின்று வழிபட்டவர்களின் பேரப்பிள்ளைகளும், வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் வகுப்பு அது. ஒரே வாங்கில் அமர்தல்தானும் யாழ்ப்பாணத்தில் எளிதாக வந்ததன்று. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் நிலத்திலும் திண்ணையிலும் இருந்து படித்த காலம் ஒன்று இருந்தது. 1924 ஆம் ஆண்டு தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்று, தீண்டாமைக்கு எதிராகக் குரல் எழுப்பிற்று. 1930 ஆம் ஆண்டளவில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்தியபோது, அதற்கு இணங்கிய பாடசாலைகள் சில இரவோடிரவாகத் தீக்கிரையாயின. ஆகவே, தீயைப்பற்றிய வினா அந்த வகுப்பறைக்குப் புதியதன்று.

இனி, நூல் என்ன சொல்கின்றது என்பதை நோக்குதல் நன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பெரியபுராணம் பாடிய சேக்கிழாருக்கு இந்நாயனாரைப்பற்றி முன்னோர் விட்டுச்சென்ற குறிப்பு மிகச் சிறிது. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் ஓர் அடிக்குள்ளேயே அவரை வணங்கிச் செல்கின்றார். நம்பியாண்டார் நம்பி ஒரு செய்யுள் பாடினார். சேக்கிழாரோ கேட்போரைக் கைப்பிடித்து ஆதனூர்ப் புலைப்பாடிக்குள்ளேயே அழைத்துச் செல்கின்றார். சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைக் குடில்களையும், முற்றத்திலே சுழன்று திரியும் கோழிக்குஞ்சுகளையும், நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் சிறுவரையும், மருத மரத்து நிழலிலே சிறு தோலை விரித்து மகவை உறங்கவைக்கும் உழத்தியையும் அவர் காட்டுகின்றார். அருவருப்போ இழிவுரையோ அங்கே இல்லை. அருகே சென்று கண்டவர் ஒருவரின் கவனமே உண்டு. பாடநூற் சுருக்கங்களில் முதலில் வெட்டப்படுவது இந்தப் பகுதிதான் என்பது வருந்தத்தக்கது. அந்த மக்களுக்கும் வீடும் குழந்தையும் விளையாட்டும் இருந்தன என்பதை மாணவர் அறிந்த பின்னரே, அவர்களுக்கு எது மறுக்கப்பட்டது என்பது விளங்கும்.

நந்தனார் செய்த தொண்டு யாது? கோயிற் பேரிகை முதலிய முழவுக் கருவிகளுக்குப் போர்த்தும் தோலும் இழுத்துக் கட்டும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அருச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் கைபட்ட தோல் சந்நிதியில் முழங்கிற்று. அவர் கைபட்ட நரம்பு இறைவன் திருமுன் இசைத்தது. அவர் கொடுத்த கோரோசனை பூசைப் பொருளோடு பொருளாய் உள்ளே சென்றது. அவர் மாத்திரம் புறத்தே நின்றார். இந்த முரணைச் சேக்கிழார் வாய்விட்டுக் கண்டிக்கவில்லை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக அப்பொருள்களை எண்ணி வைத்திருக்கின்றார். பதின்மூன்று வயது மாணவன் அந்தப் பட்டியலைக் கேட்டாற் போதும். எஞ்சியதைத் தானே கேட்டுவிடுவான்.

பலர் மனத்தில் நிற்கும் நந்தனார் கதை சேக்கிழார் சொன்னதன்று என்பதையும் இங்கே கூறவேண்டும். நிலக்கிழாராகிய வேதியர் ஒருவர் விடைதர மறுத்தார், நாற்பது வேலி நிலத்தையும் பயிர்செய்து முடித்துவிட்டுச் செல் என்றார், ஓர் இரவிலே சிவபூதங்கள் அவ்வேலையை முடித்தன என்பன பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வருவன. கதாகாலட்சேபத்தின் வாயிலாகவும், 1935 இலும் 1942 இலும் வெளிவந்த திரைப்படங்களின் வாயிலாகவும் அவை வீடுதோறும் பரவின. ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டிருந்தும், ஆசிரியர் சிலர் இரண்டையும் கலந்தே கற்பிக்கின்றனர்.

இது வெறும் நூல் வேறுபாடன்று. பாரதியாரின் கதையிலே தடை, உழைப்பை வாங்கிக்கொண்டு விடுமுறை மறுக்கும் ஒரு மனிதனாக எதிரே நிற்கின்றது. சேக்கிழாரின் புராணத்திலே அப்படி ஒருவரும் இல்லை. தில்லைக்குச் செல்ல நந்தனார் விரும்புகின்றார். தம் பிறப்பு அதற்குத் தகாதே என்று தாமே நின்றுவிடுகின்றார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள்கள் கழிகின்றன. தில்லை எல்லையை அடைந்தபோதும் வேள்விப் புகையைக் கண்டு உட்செல்ல அஞ்சி, இரவும் பகலும் எல்லையையே வலம் வருகின்றார். எவரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. தள்ளவேண்டிய தேவையே இல்லாதபடி, விலக்கு அவருடைய நெஞ்சுக்குள்ளேயே குடிபுகுந்திருந்தது. இரண்டினுள் எது கொடியது என்று மாணவர்களைக் கேட்கலாம். அரைமணி நேரம் வாதம் நடக்கும்.

பின்பு இறைவன் கனவில் தோன்றி, இப்பிறவி நீங்கத் தீயில் மூழ்கி, முப்புரிநூல் அணிந்தவர்களோடு தம்பால் வருமாறு பணிக்கின்றார். தில்லைவாழந்தணர்க்கும் கனவிலே கட்டளை கிடைக்கின்றது. தென்திசை வாயிலின் புறத்தே அவர்கள் தீ அமைக்க, நந்தனார் அதை வலம்வந்து புகுந்து, சடையும் நூலும் பூண்ட முனிவராய் வெளிவருகின்றார். மாணவனின் வினா பிறக்கும் இடம் இதுவே.

அதற்கு மூவகை விடைகள் வழங்கிவருகின்றன. தீ என்பது மலமாசை எரிக்கும் ஞானத்தின் குறியீடு என்பது சமய அறிஞர் பலரின் விளக்கம். கோயிலுக்குள் புக முயன்ற ஒருவர் எரிக்கப்பட்ட செய்தியைப் புராணம் போர்த்து மறைத்தது என்பது இருபதாம் நூற்றாண்டில் எழுந்த ஐயம். தம் காலத்துச் சாதிமுறையை உடைக்கவியலாத புலவர் அடியவரை உயர்த்துவதற்குக் கண்ட வழியே அது என்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதற்கு நூலிலே நேரான சான்று இல்லை. அது ஊகம் என்று மாணவருக்குக் கூறவேண்டும். முதலாவதோ அழகியது, ஆனால் அதனோடு நிறுத்தினால், அந்த மாசு ஏன் புலைப்பாடியிற் பிறந்தவருக்கு மாத்திரம் தீயால் நீங்கவேண்டும் என்ற அடுத்த வினாவுக்கு விடையில்லை.

அந்த விடையை வெளியே தேடவேண்டியதில்லை. பெரியபுராணத்தையே இன்னும் சில ஏடுகள் புரட்டினாற் போதும். திருஞானசம்பந்தருடன் சென்று அவர் பதிகங்களை யாழிலே இசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் கோயிலுக்குள் நுழையாத குலத்தவர். மதுரைத் திருவாலவாயில் அவர் வாயிற்புறத்தே நின்று இசைத்தார். இறைவன் அடியார்களின் கனவிலே தோன்றி, பாணரை உள்ளே அழைத்து வரச் செய்தார். அதுமட்டுமோ? நிலத்தின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளரும் என்று கருதிப் பாணருக்குப் பலகை இடுமாறும் அருள்வாக்கு எழுந்தது. அங்கே தீ இல்லை; உருமாற்றம் இல்லை; பாணர் பாணராகவே சந்நிதியில் அமர்ந்து வாசித்தார். அதே பாணருக்குத் திருவாரூரிலோ வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது.

ஆக, ஒரே நூலில் மூன்று வாயில்கள் இருக்கின்றன. தில்லையில் உருமாறிப் புகும் வாயில். ஆலவாயில் உள்ளபடியே புகும் வாயில். ஆரூரில் தனி வாயில். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை இருந்ததைக் கேட்டறிந்த மாணவனுக்கு மூன்றாவது வாயில் உடனே விளங்கும்.

இன்னுமோர் இடமும் உண்டு. திருச்சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்க நாயனாரின் இல்லத்தில் சம்பந்தர் தங்கியபோது, பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் இடந்தருமாறு வேண்டினார். நீலநக்கர் அவர்களை வீட்டின் நடுவே, வேள்வித்தீ அணையாது காக்கப்படும் வேதிகையின் பக்கத்தில் உறங்கச் செய்தார். அன்றிரவு அந்தத் தீ வலஞ்சுழித்து மேலோங்கி எரிந்தது என்கின்றார் சேக்கிழார். நந்தனாரின் தீயைக் கற்பிக்கும் ஆசிரியர் நீலநக்கர் வீட்டுத் தீயைக் கற்பிக்காது விடுவது பாதிப் பாடமேயாகும்.

இவ்வினாக்கள் நூலோடு முடியவில்லை. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் 1957 ஆம் ஆண்டு நிறைவேறியது. சாதி காரணமாகக் கோயில், பாடசாலை, கடை முதலியவற்றில் ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று. ஆயினும் 1968 ஆம் ஆண்டு, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. தடுத்து நின்றோரின் தலைவர், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம். அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். வழக்கு மேன்முறையீட்டில் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. கல்வி மிகுந்தவர் பழமையைக் காக்கவே தம் கல்வியைச் செலவிட்டமை மாணவர் எண்ணிப்பார்க்க வேண்டியதொன்று. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தத்தம் சமயத்துப் பொது வழிபாட்டிடங்களுக்குச் செல்வதைச் சாதி காரணமாகத் தடுத்தலாகாது என்று பன்னிரண்டாம் உறுப்புரையில் விதிக்கின்றது.

சட்டத்தைக் குடியியற் பாடத்திலும், நாயனாரைச் சமய பாடத்திலும் வைத்து, இரண்டுக்கும் இடையே சுவரெழுப்பிக் கற்பித்தல் எளிது. அச்சுவருக்கு அப்பாலும் இப்பாலும் அமர்ந்திருப்பவன் ஒரே மாணவன்.

திருப்புன்கூர்ப் பகுதியில் ஒரு செய்தி பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுகின்றது. நந்தி விலகத் தரிசனம் பெற்ற நந்தனார் உடனே திரும்பிவிடவில்லை. அவ்விடத்தில் ஒரு பள்ளத்தைக் கண்டு, அதைத் திருக்குளமாகத் தோண்டிவிட்டே சென்றார். கோயிலுக்குள் புகாதவர் தோண்டிய குளத்திலே கோயிலுக்குள் புகுவோர் நீராடினர். ஆறில்லாத யாழ்ப்பாணத்திலே கிணறே உயிர். தாமே அள்ள அனுமதியின்றி, பிறர் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு கிணற்றடியிற் காத்திருந்த பெண்களைப்பற்றி வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு எழுதி வருமாறு ஆசிரியர் சொல்லலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடையைக் கொண்டு வரமாட்டார்கள். சிலருடைய பாட்டி கிணற்றுக்கட்டின் மேல் நின்றவராயிருப்பார். சிலருடைய பாட்டி குடத்தோடு கீழே நின்றவராயிருப்பார். அடுத்த நாட் பாடத்தை அந்தக் கொப்பிகளிலிருந்தே தொடங்கலாம்.