வாய் காக்கும் விமானி

அமெரிக்காவில் பெரும் தொழில் நிறுவனங்கள் பல சொந்த விமானம் வைத்துள்ளன. அதனை ஓட்ட விழையும் இளைஞன் பொதுவாக 250 மணி நேரம் பறந்து, தேர்விலும் தேறினால் வணிக விமானி உரிமம் கிட்டும். அது வாயில் வரை கொண்டு சேர்க்கும், அவ்வளவே. ஆள் தேர்வோர் நோக்குவது வேறு. அங்கே பயணியின் பெட்டியை ஏற்றுவதும் இருக்கையைத் துடைப்பதும் பெரும்பாலும் விமானியின் வேலையே. அதனினும் பெரிது நாவடக்கம். எந்த நிறுவனத்தை எவர் வாங்கப்போகிறார் என்ற பேச்சு அவன் செவியில் விழும், மனையாளிடமும் சொல்லலாகாது. (பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் எமக்கு அப்பாரம் ஓரளவு புரிகிறது.) ஆயினும், பனிமூட்டம் கவிந்த நாளில் 'இன்று பறக்கலாகாது' என வாய் திறந்து மறுப்பானா என்றும் ஆராய்வர். விமானத்தின் இறுதிப் பொறுப்பு தலைமை விமானிக்கே என்கிறது அந்நாட்டுச் சட்டம். சம்பளம் அளிப்பவரோ பின்னால் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.