மாநிலக் கட்சிகளின் முதல் தேர்தல் – 6: கட்சிக்கு ஓட்டு, கோரிக்கைக்கு மறுப்பு

கோவாவின் முதல் சட்டமன்றத் தேர்தல் 1963 டிசம்பர் 9-ஆம் தேதி நடந்தது. போர்த்துகீசியர் ஆட்சி முடிந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. கோவா, டாமன், டையூ மூன்றும் சேர்ந்த யூனியன் பிரதேசத்துக்கு 30 இடங்கள் கொண்ட சட்டமன்றம். அதில் கோவாவுக்கு 28 இடங்கள், மற்ற இரண்டுக்கும் தலா ஒன்று. வென்று ஆட்சி அமைத்தது அதே ஆண்டில் தொடங்கப்பட்ட மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி. கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைக்க வேண்டும் என்பதே அதன் தலையாய கோரிக்கை. 1967 ஜனவரியில் அந்தக் கோரிக்கை மட்டும் தனியாக வாக்காளர் முன் வைக்கப்பட்டது, தோற்றது. அதே ஆண்டு மார்ச்சில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. கட்சி மறுபடி வென்றது. ஒரு கட்சிக்கு விழும் ஓட்டு அதன் எல்லாக் கோரிக்கைகளுக்கும் விழும் ஓட்டு ஆகாது என்பதற்கு இந்திய தேர்தல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பழைய கோவா, புதிய கோவா

போர்த்துகீசியர் 1510-இல் கோவாவைப் பிடித்தார்கள் என்பது பாடநூல் செய்தி. ஆனால், இன்றைய கோவா முழுவதும் அப்போதே அவர்கள் கைக்குப் போய்விடவில்லை. திஸ்வாடி, பார்டெஸ், சால்செட் ஆகிய கடலோரப் பகுதிகளே பதினாறாம் நூற்றாண்டில் அவர்கள் வசமாயின. பின்னாளில் தனித் தாலுகாவான மர்மகோவாவும் இதில் அடங்கும். இவை ‘பழைய வெற்றிப் பகுதிகள்’ எனப்பட்டன. மதமாற்றம், தேவாலயம், போர்த்துகீசியக் கல்வி எல்லாம் ஆழமாக வேரூன்றியது இங்கேதான். பெர்னெம், பிச்சோலிம், சத்தாரி, போண்டா, சாங்கேம், கேப்பெம், கானகோனா ஆகியவை பதினெட்டாம் நூற்றாண்டில் சேர்ந்த ‘புதிய வெற்றிப் பகுதிகள்’. அதற்குள் மதமாற்றத்தின் வேகம் தணிந்துவிட்டதால் இவை பெரும்பாலும் இந்துப் பகுதிகளாகவே நீடித்தன.

விடுதலையின்போது கோவாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 6 லட்சம். ஐந்தில் மூன்று பங்கு இந்துக்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். வீட்டிலும் சந்தையிலும் இரு தரப்பாரும் பேசியது கொங்கணி. எழுத்து என்று வந்தால் வழி பிரிந்தது. இந்துக்களின் பஜனையும் பள்ளியும் பத்திரிகையும் மராத்தியில் நடந்தன. கத்தோலிக்கர்கள் கொங்கணியை ரோமன் எழுத்தில் எழுதினார்கள்.

நிலமும் சாதியும்

மதப் பிளவை மட்டும் பார்த்தால் 1963-இன் தேர்தல் புரியாது. நிலம் யாரிடம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பாட்கார் என்றால் நிலக்கிழார். அவர் சாரஸ்வத பிராமணராக இருக்கலாம், மேல்சாதிக் கத்தோலிக்கராகவும் இருக்கலாம். அவருடைய வயலைக் குத்தகைக்கு உழுபவர் ‘கூள்’. அவருடைய தோப்பில் குடியிருப்பவர் ‘முண்ட்கார்’.

முண்ட்காரின் நிலைமை தனியே சொல்லத்தக்கது. வீடு அவர் கட்டியது, மனை அவருடையதல்ல. குடியிருக்க விட்டதற்கு ஈடாகத் தோப்பைக் காவல் காக்க வேண்டும். பாட்கார் வீட்டு விசேஷங்களில் கூப்பிட்ட வேலைக்குப் போக வேண்டும். கோபம் வந்தால் பாட்கார் அவரை வெளியேறச் சொல்லலாம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்திருந்தாலும் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்காது. உழுது பிழைத்த, கள் இறக்கிய, சுரங்கத்தில் கூலிக்குப் போன பிற்பட்ட சாதி இந்துக்கள் தங்களை ‘பகுஜன சமாஜம்’ என்று அழைத்துக்கொண்டார்கள். வயது வந்த எல்லோரும் வாக்களித்து ஒரு சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுப்பது கோவாவில் அதுவே முதல் முறை. எண்ணிக்கையில் பெரிய இந்தப் பிரிவினருக்கு முதன்முதலாகக் கையில் ஓர் ஆயுதம் கிடைத்தது.

களத்தில் இரண்டு கட்சிகள்

மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சியின் தலைவர் தயானந்த் பந்தோட்கர். பெர்னெமில் பிறந்தவர், சுரங்க அதிபர், தாராளமாக நன்கொடை கொடுப்பவர். மக்கள் அவரை ‘பாவுசாகேப்’ என்றே அழைத்தார்கள். பெரும் பணக்காரராக இருந்தும், கோவிலைச் சார்ந்து வாழ்ந்த ஒரு சமூகத்திலிருந்து வந்தவர் என்பதால் மேல்சாதியார் நடுவே அவருக்குச் சமமான இடம் கிடைக்கவில்லை. பகுஜன சமாஜம் அவரைத் தன்னவராகவே கண்டது. கட்சியின் சின்னம் சிங்கம்.

கட்சி இரண்டு வாக்குறுதிகளைச் சேர்த்துக் கட்டியது. ஒன்று, கோவா மகாராஷ்டிரத்தோடு இணையும். இரண்டு, உழுபவனுக்கு நிலம் கிடைக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு தர்க்கமும் இருந்தது. மகாராஷ்டிரத்தில் குத்தகைச் சட்டம் ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தால் பாட்காரின் பிடி தானாகத் தளரும் என்று கிராமங்களில் பேசப்பட்டது. கொங்கணி மராத்தியின் கிளைமொழிதான் என்பதும் கட்சியின் வாதம்.

எதிரே நின்றது யுனைடெட் கோவன்ஸ் கட்சி. பல சிறு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து உருவான இதன் தலைவர் டாக்டர் ஜாக் டி செக்வேரா. கோவா தனியாகவே இருக்க வேண்டும், கொங்கணி தனிமொழி என்பவை அதன் கொள்கைகள். கத்தோலிக்கரிடமும் பழைய வெற்றிப் பகுதிகளிலும் அதன் பலம் இருந்தது. நில உடைமை பற்றி அது அழுத்திப் பேசவில்லை.

மூன்றாவதாகக் காங்கிரஸ். விடுதலை வாங்கிக் கொடுத்த கட்சி என்ற பெயரோடு வந்தாலும், அதன் முகங்களில் பெரும்பாலானவை மேல்சாதிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. இணைப்பு விஷயத்திலும் அது ஒரே குரலில் பேசவில்லை. கோவாவின் தனித்தன்மையைக் காப்பதாக நேரு உறுதி சொல்லியிருந்தார். மகாராஷ்டிரக் காங்கிரசோ இணைப்பையே விரும்பியது.

முடிவும் ஆட்சியும்

கோவாவின் 28 இடங்களில் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி அணிக்கு 16, யுனைடெட் கோவன்ஸ் கட்சிக்கு 12. காங்கிரசுக்குக் கோவாவில் ஓர் இடமும் இல்லை. டாமனில் கிடைத்த ஒன்றே அதன் கணக்கு. டையூவில் சுயேச்சை வென்றார். பந்தோட்கர் இந்தத் தேர்தலில் வேட்பாளராக நிற்கவே இல்லை. ஆனாலும் டிசம்பர் 20-ஆம் தேதி அவரே முதலமைச்சரானார். பிறகு இடைத்தேர்தலில் வென்று அவைக்குள் வந்தார். விடுதலைப் போராட்ட வீரர் பாண்டுரங்க புருஷோத்தம் சிரோட்கர் முதல் சபாநாயகர். அமைச்சரவையில் டோனி பெர்னாண்டஸ் என்ற கத்தோலிக்கரும் இடம்பெற்றார். செக்வேரா எதிர்க்கட்சித் தலைவர்.

ஆட்சியின் முதல் பெரிய சட்டம் 1964-இன் வேளாண் குத்தகைச் சட்டம். குத்தகை விளைச்சலில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று அது வரையறுத்தது. கிராமம் கிராமமாக மராத்தி ஆரம்பப் பள்ளிகள் திறக்கப்பட்டன. எழுத்தறியாத குடும்பங்களின் பிள்ளைகள் முதல் முறையாகப் பலகையோடு கிளம்பினார்கள். கட்சியின் செல்வாக்கு இந்த இரண்டு வேலைகளில்தான் காலூன்றியது.

சட்டமன்றத் தீர்மானம் போதுமா?

1965-இல் கோவா சட்டமன்றம் இணைப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மகாராஷ்டிர சட்டமன்றமும் அதையே செய்தது. தேர்தலில் மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், இனி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதுதான் பாக்கி என்பது பந்தோட்கர் தரப்பின் வாதம். செக்வேரா இதை ஏற்கவில்லை. நான்கைந்து இடங்களின் பெரும்பான்மையை வைத்து ஒரு நிலப்பரப்பின் எதிர்காலத்தை முடிவு செய்யக்கூடாது. மக்களிடம் நேராகக் கேட்க வேண்டும் என்றார். நேரு 1964-இலும் சாஸ்திரி 1966 ஜனவரியிலும் மறைந்துவிட, முடிவு இந்திரா காந்தி அரசின் கையில் விழுந்தது. 1966 டிசம்பரில் கருத்துக் கணிப்பு வாக்கெடுப்புக்கான சட்டம் நிறைவேறியது. ஆட்சியில் இருந்துகொண்டு வாக்கெடுப்பைச் சந்தித்தால் நடுநிலை கெடும் என்று எழுந்த குரலுக்கு இணங்க, பந்தோட்கர் அதே மாதம் பதவி விலகினார்.

பூவும் இரட்டை இலையும்

1967 ஜனவரி 16 அன்று வாக்காளரின் கையில் கொடுத்த சீட்டில் வேட்பாளர் பெயர் எதுவும் இல்லை. இரண்டு சின்னங்கள் மட்டுமே. மகாராஷ்டிரத்தோடு சேர விரும்புவோர் பூவுக்கும், யூனியன் பிரதேசமாகவே நீடிக்க விரும்புவோர் இரட்டை இலைக்கும் முத்திரை குத்த வேண்டும். தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டு திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை அறிமுகமாவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கோவா அதற்கு ஓட்டுப் போட்டிருந்தது.

இணைப்புக்கு எதிரான பிரச்சாரம் கத்தோலிக்கரோடு நின்றுவிட்டால் தோல்வி நிச்சயம் என்பதை அந்தத் தரப்பு உணர்ந்திருந்தது. இந்து வாக்காளரிடம் மராத்தியிலேயே பேசியது ‘ராஷ்டிரமத்’ நாளிதழ். அதன் ஆசிரியர் சந்திரகாந்த் கேணி. அதில் உதய் பெம்ப்ரே எழுதிய பத்தி விவாதப் பொருளானது. கவிஞர் மனோகர் ராய் சர்தேசாயின் கொங்கணிப் பாடல்களும் பாடகர் உல்லாஸ் புயாவின் குரலும் ஊர் ஊராகப் போயின. அவர்கள் சொன்னவை நடைமுறைக் கணக்குகள்: பம்பாயிலிருந்து ஆளப்படும் ஒரு மூலை மாவட்டமாகக் கோவா சுருங்கிப்போகும், அரசு வேலைகளுக்கு வெளியூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள், மகாராஷ்டிரத்தின் மதுவிலக்கு வந்தால் கள் இறக்கி வாழும் குடும்பங்கள் என்ன செய்யும்?

பதிவான வாக்குகள் 3,17,633. இரட்டை இலைக்கு 1,72,191, பூவுக்கு 1,38,170. வித்தியாசம் 34,021. சால்செட்டில் இணைப்புக்கு எதிராகப் பெருவாரியாக ஓட்டு விழுந்தது. பெர்னெம், பிச்சோலிம், சத்தாரி போன்ற இடங்களில் பூவின் கை ஓங்கியது. பதிவான வாக்குகளில் இரட்டை இலையின் பங்கு ஏறக்குறைய 54 சதவீதம். கத்தோலிக்கர் ஒருவர் விடாமல் அதற்கே ஓட்டுப் போட்டிருந்தாலும் இந்த எண்ணிக்கை வராது. சிங்கத்துக்கு ஓட்டுப் போட்ட இந்துக்களில் கணிசமானோர் பூவைக் கைவிட்டிருந்தார்கள்.

மறுபடி தேர்தல்

தோற்ற கட்சி கலைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 1967 மார்ச் 28-இல் நடந்த தேர்தலில் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி 16 இடங்களையும் யுனைடெட் கோவன்ஸ் கட்சி 12 இடங்களையும் பெற்றன. ஏறத்தாழ 1963-இன் அதே கணக்கு. பந்தோட்கர் மீண்டும் முதலமைச்சரானார். வாக்காளர் இரண்டு கேள்விகளைப் பிரித்தே பார்த்திருந்தார்கள். கோவா எங்கே சேர வேண்டும் என்பது ஒன்று. பாட்காருக்கு எதிராக யார் நிற்பார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்வி ஜனவரியில் தீர்ந்துவிட்டதால், இணைப்புக்கு அஞ்சியவர்களும் மார்ச்சில் அச்சமின்றிச் சிங்கத்தை ஆதரிக்க முடிந்தது.

1973 ஆகஸ்டில் பந்தோட்கர் இறக்கும்வரை கட்சி அதிகாரத்தை இழக்கவில்லை. அவருக்குப் பின் முதல்வரான அவருடைய மகள் சசிகலா காகோட்கர் 1979 வரை ஆண்டார். முண்ட்கார்களை வெளியேற்றத்திலிருந்து காக்கும் சட்டம் 1975-இலும், குத்தகை நிலத்தை உழுபவருக்கே உரிமையாக்கும் திருத்தம் 1976-இலும் அவர் காலத்தில் வந்தன. முதல் தேர்தலின் இரண்டாவது வாக்குறுதி இப்படிச் சட்டமாயிற்று.

முதல் வாக்குறுதிக்கு நேர்மாறானதே நடந்தது. 1987 பிப்ரவரியில் கொங்கணி ஆட்சிமொழியாயிற்று. மராத்திக்கும் அரசு அலுவல்களில் இடம் தரப்பட்டது. அதே ஆண்டு மே 30-ஆம் தேதி கோவா தனி மாநிலமானது. தனிக் கோவாவுக்காகப் போராடிய யுனைடெட் கோவன்ஸ் கட்சி அதற்கு முன்பே களத்தை விட்டு மறைந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் பெயரைத் தாங்கிய கட்சியோ இன்றும் கோவா தேர்தல்களில் நிற்கிறது. 2022-இல் இரண்டு இடங்களை வென்றது. இணைப்பு என்ற பேச்சு அதன் மேடைகளிலிருந்து எப்போதோ இறங்கிவிட்டது.

(தொடரும்)