வெட்கப்பட்டு ஓர் இரவைத் தொலைத்தேன்!

நான் ஏற்காடு ஒண்டிக்கடையில் வசிக்கும் குடும்பத் தலைவி. வயது 37. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்று விட்டது. என் வீட்டுக்காரர் ஏரிக்குப் பக்கத்தில் காபித்தூள், மிளகு விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். மலைக்கு ஆட்கள் வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

2020ல் கொரோனா ஊரடங்கு. வண்டிகள் வரவில்லை, கோடை விழாவும் நடக்கவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டு வந்த காபி, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. எங்கள் வீட்டிலோ, விற்காமல் மூட்டையாகக் கிடந்தது.

அப்போது என் நாத்தனார் மகன், "அத்தை, வாட்ஸ்அப்பிலே போட்டுப் பாருங்களேன்" என்றான். 'நமக்கெதுக்குடா இதெல்லாம்' என்று சிரித்தேன். காபிக்கொட்டை வறுப்பதைப் படம் எடுத்து அவனே போட்டான். சொந்தக்காரர் ஒருவர் வாங்கி, இன்னொருவருக்குச் சொல்ல, ஈரோடு, சென்னை என்று ஆர்டர் வந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் தபாலில் அனுப்ப ஆரம்பித்தேன். என் கையில் முதன்முதலாக என் சம்பாத்தியம்!

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்கள் வயல்வெளியில் சமைத்துக் காட்டும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021ல் யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது. கிராமத்தில் இருந்தே அவர்கள் ஜெயித்ததைப் பார்த்து, எனக்கும் தைரியம் கூடியது.

அந்த தைரியத்தில்தான் போன ஆடி மாதம் ஏமாந்தேன். "ராணுவத்துல இருக்கேன் மேடம், 10 கிலோ காபித்தூள் வேணும்" என்று ஒருவர் பேசினார். பணம் அனுப்புவதாகச் சொல்லி, கறுப்புக் கட்டம் போட்ட க்யூஆர் படம் ஒன்றை அனுப்பி, "ஸ்கேன் பண்ணி உங்க ரகசிய எண்ணைப் போடுங்க, பணம் வந்துடும்" என்றார். போட்டேன். வரவில்லை, என் கணக்கில் இருந்து 6,200 ரூபாய் போய் விட்டது.

வீட்டுக்காரர் திட்டுவாரோ, 'படிக்காதவ' என்று சிரிப்பார்களோ என்று யாரிடமும் சொல்லாமல், ராத்திரி முழுக்க அழுதேன். காலையில் என் வீங்கிய கண்ணைப் பார்த்து, மாமியார்தான் விஷயத்தைக் கறந்தார். "பணந்தானே போச்சு, விடும்மா" என்றார். வீட்டுக்காரரோ, "ராத்திரியே சொல்லியிருக்கலாமே..." என்று மட்டும் சொல்லி, சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போட்டார். புகாரைப் பதிந்து கொண்டார்கள். பணம் வேறு கணக்குகளுக்கு மாறும் முன், உடனே சொன்னால்தான் அதை முடக்கி வைக்க வழி உண்டாம். என் பணம் இன்னும் திரும்பவில்லை.

இன்றும் வியாபாரம் செய்கிறேன். ஆனால், ஒன்று தெரிந்து கொண்டேன்... பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும். வாங்குவதற்கு வேண்டவே வேண்டாம்.

தோழியரே, ஏமாந்தால் வெட்கப்படாதீர்கள். அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது. முதலில் வீட்டில் சொல்லுங்கள், 1930க்குப் பேசுங்கள். ஏமாற்றியவனுக்குத்தான் அசிங்கம், நமக்கென்ன?

— ஒரு வாசகி, ஒண்டிக்கடை, ஏற்காடு.