உங்களுக்குத் தெரியுமா? கிளம்பினால் 45 நாள்!

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதி மீனவர்கள் சுறாவையும் சூரையையும் தேடிக் குஜராத் கடல்வரை வடக்கே போகிறார்கள். கரை திரும்ப 30 முதல் 45 நாட்கள்கூட ஆகும்!

• நீரோடி முதல் இரயுமன்துறை வரை 8 கடலோர ஊர்கள். அண்ணன், தம்பி, மச்சான் என்று சொந்தக்காரர்கள் ஒரே படகில் போவது இங்கே வழக்கம்.

• இவர்கள் பேர்போனது ஆயிரங்கால் தூண்டிலில். நீண்ட தாய்க்கயிறு, அதிலிருந்து தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் இரை கோத்த கொக்கி. கடலில் விட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்து இழுப்பார்கள். பிடிபட்டது உடனே படகின் அடியறையில், நொறுக்கிய ஐஸுக்குள் போய்விடும். பெரும்பாலும் கொச்சியில்தான் இறக்குகிறார்கள்.

• 2017 ஒக்கி புயல் எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்த பலரை எட்டவே இல்லை. படகு வயர்லெஸ் அவ்வளவு தூரம் எடுக்காது. சொந்தங்கள் சேர்ந்தே போனதால், ஒரே வீட்டில் பலரைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு.