கல்லுக்கு ஒரு வயது, நாய்க்கு ஒரு வயது

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு சலவைக்கல் நாய் இருக்கிறது, செல்லங்களே. குந்தி உட்கார்ந்த நிலையிலேயே ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயரம். தலையை ஒரு பக்கம் திருப்பி, வாயை லேசாகத் திறந்து, “யாரது அங்கே?” என்று கேட்பதுபோல் பார்க்கும். கழுத்தைச் சுற்றி அடர்ந்த சடை. வால் மட்டும் ஒடிந்துபோய்க் குட்டையாக இருக்கும்.

1750களில் ஹென்றி ஜென்னிங்ஸ் என்ற ஆங்கிலேயர் ரோம் நகரில் இதைப் பார்த்தார். கவச்செப்பி என்ற சிற்பியின் பட்டறையில், உடைந்த கற்களோடு கற்களாகக் கிடந்தது. விலை பேசி வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகு சூதாட்டக் கடன் கழுத்தை நெரிக்க, 1778இல் நாய் ஏலத்துக்கு வந்தது. 1,000 கினிக் காசுக்குப் போனது! அந்தக் காலத்தில் அது பெரும் பணம். எந்த விலங்கின் உருவத்துக்கும் இவ்வளவு கொடுக்கலாகாது என்று ஒருவர் முணுமுணுத்தார். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனோ, மதிப்பு பொருளுக்கு அல்ல, அதைச் செய்த திறமைக்கு என்றார். சொற்களின் மதிப்பு தெரிந்த மனிதர். நாயின் அருமையும் தெரிந்திருந்தது போலும்!

இப்போது கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கையைத் தூக்குமே: “அது பழைய சிலைதான் என்று எப்படித் தெரியும்?” சபாஷ்! ஏலத்தில் பணம் கட்டுகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான். கவச்செப்பியின் பட்டறையில் பழைய சிலைகளைப் பழுது பார்த்தார்கள். பழைய பாணியில் புதுச் சிலைகளும் செய்தார்கள்.

“கல்லின் வயதைக் கணக்கிட்டால் போயிற்று” என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். சுண்ணாம்புக்கல் பூமிக்குள் ஆழமாகப் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறிச் சலவைக்கல் ஆகிறது. அது உருகுவதில்லை. கெட்டியாக இருந்தபடியே உள்ளே கால்சைட் என்ற படிகங்கள் பெரிதாகின்றன. சலவைக்கல்லை உடைத்துப் பாருங்கள், உடைத்த கற்கண்டு மாதிரி மினுக்கும். இதற்கெல்லாம் பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். சிற்பி உளி வைத்தது நேற்றாக இருந்தாலும் கல் கிழம்தான். புரிகிறதா? நமக்குத் தேவை கல்லின் வயது அல்ல, செதுக்கிய நாளின் வயது.

அதைத் தேட மேல்தோலைத்தான் பார்க்கவேண்டும். செதுக்கிய முகம் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலும் ஈரத்திலும் கிடந்தால் மெல்ல மாறிவிடும். இருட்டறையில் அதன்மேல் புற ஊதா விளக்கை அடிப்பார்கள். பழைய பரப்பு மஞ்சள் கலந்த வெள்ளையாக, திட்டுத் திட்டாக ஒளிரும். புதிதாக வெட்டிய இடமோ ஊதாவாகத் தெரியும். பழைய உடம்புக்குப் புது மூக்கு ஒட்டியிருந்தால், மூக்கு மட்டும் தனி நிறம் காட்டி மாட்டிக்கொள்ளும்!

ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். யாராவது அமிலம் ஊற்றிக் கழுவியிருந்தால் பழைய தோல் போய்விடும். கிழச் சிலையும் இளசாகத் தெரியும். அதனால் இன்னொரு சோதனை செய்கிறார்கள். ஒரு சிட்டிகை கல்பொடியில் உள்ள கார்பன், ஆக்சிஜன் வகைகளின் விகிதத்தை அளந்தால், அது கிரேக்கத்துப் பாரோஸ் தீவுக் கல்லா, இத்தாலியின் கராரா கல்லா என்று ஊகிக்கலாம். செதுக்கிய பாணியையும் நிபுணர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். இத்தனையும் ஒத்துவந்தால்தான் தீர்ப்பு.

நம் நாய் ரோமானியர் காலத்தது, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அதற்கும் முந்தைய கிரேக்க வெண்கல நாய் ஒன்றின் நகல் அது. அந்த வெண்கலம் இன்று இல்லை. வெண்கலத்தை உருக்கி வேறு பொருள் செய்துவிடலாம் அல்லவா? சலவைக்கல்லும் முழுக்கத் தப்பவில்லை. ரோமில் எத்தனையோ சிலைகளைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். இந்த நாய் பிழைத்தது. 2001இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 6,62,297 பவுண்டு கொடுத்து வாங்கியது.

அமிலம் என்றதும் உங்களுக்குக் கை துறுதுறுக்கிறது, தெரியும். முட்டை ஓடும் பெரும்பாலும் அதே கால்சைட்தான். ஒரு துண்டு ஓட்டை வினிகரில் போடுங்கள், குமிழ்கள் கிளம்பும். அது கார்பன் டை ஆக்சைடு. வீட்டுச் சலவைக்கல் தரையில் மட்டும் இந்த வேலை வேண்டாம். மெருகு போய்விட்டால் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது!