குற்றாலத்தில் குளிக்க எத்தனை சட்டம்?

சாரல் காலத்தில் குற்றாலம் மெயின் அருவியில் விசில் சத்தம் ஓயாது. பையிலிருந்து சோப்பை எடுத்தால் ஒரு விசில். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால், எல்லோரையும் வெளியேற்ற இன்னொரு விசில். ஊதும் காவலர் ஒருவர்தான். சட்டம் வேறு வேறு.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை, 2014-ல் பொதுநல வழக்கொன்றில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்டது. குளிக்கத் தடை, மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவு. காலையில் போட்டு மாலையில் விலக்கிக்கொள்ளலாம். 2024 மே 17-ல் பழைய குற்றால வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அந்த உத்தரவில் தயவு தாட்சண்யமே கூடாது என்பது என் கட்சி. 2019 ஜனவரி 1-ல் வந்த பிளாஸ்டிக் தடையோ, நாடாளுமன்றத்தின் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் மாநிலம் பிறப்பித்த அரசாணை. அதே 2019-ல், நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் உதயமானதும் அரசாணையால்தான். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல் இந்தப் பக்கம் வருவதற்கு மட்டும் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

மசோதா, விவாதம், ஆளுநர் ஒப்புதல் எல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். அன்றாடம் நம் மேல் விழுவதில் பெரும்பாலானவை விதிகளும் அறிவிக்கைகளும். அவற்றில் சிலவற்றுக்கு முதலில் வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். எனக்குக் கவலையே அங்கேதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதிகளுக்கான வரைவை மத்திய அரசு 2014 முதல் திரும்பத் திரும்ப வெளியிடுகிறது. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31-ல் வந்தது. ஆட்சேபத்துக்கு 60 நாள். மத்திய அரசிதழ் வருவது இந்தியிலும் ஆங்கிலத்திலும். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை போட்டிருக்கும் சம்சாரி எதைப் படித்து, எப்போது எழுதுவார்?

2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணை மொழிகளிலெல்லாம் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எல்லா வரைவுக்கும் விதியாக்க வேண்டும். மொழிபெயர்த்தால் பொருள் பிசகும், காலதாமதம் ஆகும் என்பவர்கள் உண்டு. ஆகட்டுமே! தமிழ் வரைவு கைக்கு வந்த நாளிலிருந்துதான் அந்த 60 நாளை எண்ண வேண்டும்.

அடுத்த வரைவு வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். ஆட்சேபம் எழுத வக்கீல் வேண்டாம். கெடுவுக்குள் போய்ச் சேரும் ஒரு கடிதம் போதும்.